ஆறு மணி ஸ்டிக்கர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வருடம் ஒரு வேலைக்கான நேர்காணலில், "உங்க வீட்டுல யாராச்சும் படிச்சிருக்காங்களா?" என்று கேட்டுச் சிரித்த அதிகாரியைப் பற்றிச் சொன்னேனே, அவருக்கு வேலை போய்விட்டது. நேற்று நான் வேலை பார்க்கும் மலிவு விலைக் கடைக்கு வந்து, ரொட்டியை நீட்டி, "பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிக் குடும்மா" என்றார். மீந்த ரொட்டிக்கு மாலை ஆறு மணிக்குத்தான் அந்த ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஆறாக ஐந்து நிமிடம்தான் இருந்தது, முன்னதாக ஒட்டினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

"ஆறு மணிக்குத்தான் சார். உங்க வீட்டுல யாருக்காச்சும் மணி பார்க்கத் தெரியுமா?"

மெதுவாகத்தான் சொன்னேன், வரிசைக்கே கேட்டுவிட்டது. அவர் தலைகுனிந்து நின்றார். ஆறு மணி ஆனதும் எல்லோருக்கும் ஒட்டிவிட்டு, கடைசியாக அவருக்கு ஒட்டினேன். எனக்கு இரக்கமே வரவில்லை அப்பா.

உங்கள் பழைய கைக்கடிகாரத்தை அனுப்புங்கள். அறையில் அந்தச் சத்தமாவது துணைக்கு இருக்கும். கடைக்குள் மணி பார்க்கக்கூடப் போன் எடுத்துப்போகக் கூடாது. இனியும் அவர் வருவார், ஒரு நிமிடம்கூட முந்தி ஒட்டிவிடக் கூடாது.

இடைவேளை முடிந்தது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்