கறுப்பு வண்ணத்தின் கீழே இருந்த உங்கள் சொல்

என் பேச்சுக்கெல்லாம் முதல் செவியாய் இருந்த அப்பாவுக்கு,

வென்றுவிட்டோம். சொல்லை மெல்ல மெல்ல ஏற்றி, இறுதியில் முரசு கொட்டுவதுதான் என் மேடை வழக்கம். இன்று அதற்குப் பொறுமை இல்லை. உங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வயது தெரிந்துவிட்டது. நீங்கள் பொய் சொல்லவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. துப்பாக்கி உரிமத்தை இனி யார் பெயருக்கு மாற்றுவது என்று யாரோ கேட்டார்கள். உங்கள் பங்காளி, நாச்சிமுத்துச் சித்தப்பா, தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, அண்ணன் எதைக் காட்டுனாலும் பூட்டன் காலத்துதும்பாருங்க. பூட்டன் துப்பாக்கிய அப்பவே வெள்ளைக்காரங்கிட்ட ஒப்படைச்சாச்சு. இது அண்ணன் ஈரோட்டுப் பக்கம் வாங்குன நாட்டுத் துப்பாக்கிங்க. மோட்டார் பெயிண்ட் வாசம் இன்னும் போகல. இதுக்கு நூத்தம்பது வருசமுன்னா, எங்கூட்டுப் பம்புசெட்டும் வெள்ளைக்காரன் வெச்சதுதானுங்க."

துக்க வீடு சிரித்தது, அப்பா. உங்கள் படத்துக்கு முன்னால் சிரித்தது.

திடல் நிறைந்த கூட்டத்தை அடக்கியாண்ட என் நாக்கு அன்று அசையவில்லை. ஏன் தெரியுமா? எனக்கும் ஐயம் இருந்தது. எத்தனை மேடைகளில் அந்தத் துப்பாக்கியைக் குலப்பெருமையாக முழங்கியிருக்கிறேன். சான்று எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அந்த வண்ணத்தை நீங்கள் பூசியதை என் கண்ணாலேயே கண்டவள் ஆயிற்றே.

ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் கிணற்று மோட்டாருக்கு அடித்து மிஞ்சிய கறுப்பைத் துப்பாக்கிக் குழலுக்கும் அடிப்பீர்கள். குழல்மேல் அலை அலையாய்த் தெரிந்ததைத் துரு என்று எண்ணினீர்கள். தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டுமல்லவா? "துருப்புடிச்சுக் கெடக்குதுன்னு அங்க எவனும் சொல்லிப்போடக் கூடாது பாரு, கண்ணு" என்பீர்கள். அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். மறு ஆண்டு மறுபடியும் கறுப்பு.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன். "சித்தப்பா, உங்க கண்ணு முன்னாலயே பாத்துரலாம். எங்கப்பா சொன்னது பொய்யின்னா, இதே சனத்துக்கு முன்னால நானே சொல்றனுங்க."

உங்களுக்குப் பின் துப்பாக்கியை உக்கடத்துக்கு அருகே உரிமம் பெற்ற கடையொன்றில் ஒப்படைத்திருந்தோம். சித்தப்பாவும் நானும் காரமடையில் பேருந்தேறிப் போனோம். வழியெல்லாம் அவர் தம் இளமைக் காயத்தையே சான்றாக அடுக்கினார். ஒருமுறை காட்டுப்பன்றியை விரட்ட அதை உங்களிடம் வாங்கிப்போய்ச் சுட்டு, கன்னம் வீங்கித் திரும்பினாரே, அந்தக் கதைதான். "வெள்ளைக்காரன் செஞ்சிருந்தா மூஞ்சியில இடிக்குமா அம்மணி? தோள்ல வெக்கற கட்டையே கோணலு. நாட்டு வேலையேதான்."

கடையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் அந்தோணிசாமி அண்ணன் குழலை மூக்கருகே கொண்டுபோனார். "இதுக்குப் பெயிண்ட் அடிச்ச புண்ணியவான் யாருங்க?"

"எங்கப்பாங்க."

"நல்ல மனுசனா இருந்திருப்பாரு. துப்பாக்கிக்குத் தீவாளிச் சட்டை போட்டு உட்டுருக்காரு."

எண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தார். கறுப்பு ஏடு ஏடாக எழுந்தது. உங்கள் பூசைகள் ஒவ்வொன்றாய் உரிந்து வந்தன, அப்பா. அவற்றின் கீழே, வாய்க்கால் மணலில் நீர் வரைந்த கோடுகளைப்போல, குழல் முழுதும் சுருள் சுருளாய் ஒரு கோலம். நீங்கள் துரு என்று மறைத்தது அதைத்தான். இரும்பும் எஃகும் பட்டையாய் முறுக்கி, கம்பிமேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழலாம் அது. அப்படிச் செய்வதைப் பட்டறைகள் எப்போதோ கைவிட்டுவிட்டன.

"இதையும் இப்ப யாராச்சும் செய்வாங்கல்ல?" என்றார் சித்தப்பா.

அந்தோணிசாமி அண்ணன் குழலைக் கழற்றித் திருப்பினார். அடியில் இருந்த குங்குமக் கட்டியைப் பல்துலக்கியால் தேய்த்தார். குழலைச் சோதித்துத் தேறியதும் அடிக்கும் இங்கிலாந்தின் ஆய்வு முத்திரைகள் எழுந்தன. அவற்றின் அருகே, ஒற்றைக் குண்டு போட்டுச் சுடலாகாது என்னும் பொருள்பட மூன்று ஆங்கிலச் சொற்கள். தம்மிடமிருந்த பழைய முத்திரைப் புத்தகத்தை விரித்து எங்கள் பக்கம் தள்ளினார்.

"இந்த வார்த்தைய பன்னெண்டு வருசந்தானுங்க அடிச்சாங்க. ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தஞ்சுல ஆரம்பிச்சு, எண்பத்தேழுல உட்டுட்டாங்க. அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

நூற்றைம்பது என்பீர்கள். சற்றுக் குறையலாம், அப்பா. ஆனால் நூற்று முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்க அந்த முத்திரை விடாது.

சித்தப்பா எளிதில் விழுகிறவரா? "வயசு சரிங்க. பழசையே அண்ணன் ஈரோட்டுல வாங்கியிருந்தா?" என்றார். நேர்மையான கேள்வி. இரும்பு தன் வயதைச் சொல்லும். தன்னை ஏந்திய கையைச் சொல்லுமா?

அந்தோணிசாமி அண்ணன் குழலை மறுபடி மாட்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார். "புடிச்சுப் பாருங்கம்மா." சுவரைப் பார்த்துத் தூக்கினேன். தோளில் அமர்ந்தது. கன்னம் தானாகவே மரக்கட்டையில் படிந்தது. கண் நேராகக் குழலின் நுனிக்கு ஓடியது. எங்கும் இடிக்கவில்லை.

"நீங்க நொட்டாங்கையாங்க?" என்றார் அவர்.

ஆம் என்றேன். பள்ளியில் என் இடக்கையைக் கட்டிப்போடச் சொன்னபோது, "அது எங்க பரம்பரைக் கையிங்க" என்று நீங்கள் மறுத்த அதே கை.

"அதான் உக்காந்துருச்சு. கட்டை கோணலில்லீங்க. நொட்டாங்கைக்காரருக்குன்னே அளவெடுத்து வளைச்சிருக்காங்க. சோத்தாங்கையில புடிச்சா மூஞ்சியில இடிக்கத்தான் செய்யும். இந்த மாதிரி வர்றது ரொம்ப அபூர்வமுங்க."

சித்தப்பாவின் கை அவரறியாமல் கன்னத்துக்குப் போனது. அவர் உழுவது எந்த நிலம், அப்பா? பூட்டனார் பங்கில் அவருக்கு வந்த நிலம். பூட்டனாரை நினைத்து ஊரார் இன்றும் நொட்டாங்கையன் தோட்டம் என்று அழைக்கும் நிலம். அந்தப் பெயரை நாளும் நூறுமுறை சொல்லும் வாய்தான் அவருடையது.

பேருந்தில் காரமடை நெருங்கும்போது சொன்னார். "அண்ணன் சொன்னது நெசந்தான் அம்மணி. நாந்தான் வாய உட்டுப்போட்டேன்."

நேற்று உங்கள் முதலாண்டு நினைவு நாள். அதே வீடு, அதே உறவினர். நான் பேசுவேன் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். உரையும் ஆயத்தமாகவே இருந்தது. சித்தப்பா முந்திக்கொண்டு எழுந்தார். குழலின் கோலத்தையும், முத்திரையையும், தம் கன்னம் வீங்கிய கதையையும் சொன்னார். "நாட்டுத் துப்பாக்கின்னு சொன்ன வாயி இதுதானுங்க. எங்க பூட்டன் அன்னைக்கே என்ற கன்னத்துல ஒண்ணு உட்டு வெச்சிருக்காரு. எனக்குத்தான் வெளங்கல" என்று முடித்தார். மறுபடியும் வீடு சிரித்தது. இம்முறை உங்கள் படமும் சேர்ந்து சிரித்ததாகவே எனக்குப் பட்டது. நான் ஒரு சொல்லும் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் ஆற்றிய ஆகச் சிறந்த உரை அதுவே.

உரிமம் என் பெயருக்கு மாறும் நாளில் அதை வீட்டுக்குக் கொண்டுவருவேன். இக்காலத்துத் தோட்டாவை அந்தக் குழல் தாங்காதாம். ஆகவே அது இனி வெடிக்காது. வரும் ஆயுத பூசையில் மோட்டாருக்கு மட்டுமே வண்ணம். துப்பாக்கிக்குச் சந்தனம் உண்டு, மரக்கட்டையில் ஒரே ஒரு பொட்டு. உங்கள் சொல்லை இனி எந்தக் கறுப்பும் மூட விடமாட்டேன், அப்பா.

நீங்கள் கட்டவிடாத அந்தக் கையால் எழுதும்,
நொட்டாங்கையனின் எள்ளுப்பேத்தி,
உங்கள் மகள் தமிழரசி