வெட்டாத சருகு

பெப்ரவரி 11, 2025, செவ்வாய்

இன்றும் இல்லை.

உருத்திரபுரத்தில் நாள் முழுக்க வாழைத் தோட்டங்கள். நிறஞ்சனா அக்கா முகம் பார்க்கும் கண்ணாடி கட்டிய நீளத் தடியோடு முன்னால். அவவின் ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்ந்த நான் பின்னால். தேடுவது பெருவிரல் அளவு வௌவால். செம்மஞ்சளும் கறுப்புமாய்ச் சிறகு. பகலில் காய்ந்த வாழையிலைச் சுருளுக்குள் தூங்கும். இங்கே தோட்டங்களோ கோயில் வீதி மாதிரிச் சுத்தம். இலை காய்ந்து தொங்க முன்பே வெட்டிவிடுகிறார்கள். பிறகு எங்கே தூங்குவதாம்?

மார்ச் முடிவதற்குள் உயிரோடு ஒன்றை, ஆய்வுக்குப் பணம் தருகிற கொழும்பு ஆட்களின் கண்ணில் காட்டவேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக்கு "இல்லை" என்று எழுதி ஆய்வை மூடிவிடுவார்கள். இல்லாத ஒன்றை யார் காப்பாற்றப் போகிறார்கள்? எங்கள் குடியிருப்பையும் வரைபடத்தில் காடு என்றுதான் போட்டிருக்கிறார்கள்; அதனால் காணிக்கு உறுதிப் பத்திரமும் இல்லை. அந்தக் "காட்டில்" தான் அம்மா என்னைப் பெற்றா.

பெப்ரவரி 12

கால் வலி. இந்த வௌவாலைக் கொன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டி, அலங்காரப் பொருளாக விற்கிறார்களாம். வாங்கவும் ஆள் இருக்கிறது. மனிதர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் நித்திரை வராது.

பெப்ரவரி 20, வியாழன்

கண்டோம். கண்டோம். கண்டோம்.

எங்கே? என் சொந்த மாமாவின் வீட்டு வளவில். நான் தினமும் சைக்கிளில் கடந்து போகிற இடம்.

சிவராசா மாமா அம்மாவின் அண்ணன். அவர்களுடைய தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தவர்; அதை வைத்துத்தான் எங்களை இன்னும் 'தோட்டக்காட்டான்' என்பார்கள். மாமா ஊரில் உள்ள அத்தனை பேரின் வாழைக்கும் கூலிக்குச் சருகு வெட்டுவார். தன் வாழைக்கு வெட்ட மட்டும் அவருக்குப் பொழுது இல்லை. "தோட்டக்காட்டான்ர வளவைப் பார், சோம்பேறி" என்று பரமேஸ்வரன் முதலாளி சொன்னதை என் காதாலே கேட்டிருக்கிறேன். அந்தச் சோம்பேறியின் வளவில்தான் இருக்கிறது, முதலாளி.

அக்கா தடியை உயர்த்திப் பார்த்தா. உடனே அதை என்னிடம் நீட்டினா. கண்ணாடிக்குள் இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டி. நெருப்பை மடித்து வைத்த மாதிரி.

சத்தம் போட்டால் எழும்பிவிடும். அதனால் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வாழைகளுக்கு நடுவில் ஆடினோம். அக்கா முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, வலை நிறைந்த மாதிரி ஆடினா. மாமி குசினி வாசலில் நின்று, "பேய் புடிச்சிருச்சா புள்ள?" என்று கேட்டா.

"ஓம் மாமி. சின்னப் பேய். ரெண்டு."

மாமா வேலையால் வந்து, கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "எங்கிட்ட இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

மார்ச் 4

கொழும்பு ஆட்கள் சனிக்கிழமை வருகிறார்களாம். குடியிருப்பே துள்ளுகிறது. ஒன்றுவிட்ட தம்பி சுமன் கடையில் எல்லாருக்கும் கதை விடுகிறான்: "வௌவாலுக்குக் காணி உறுதி குடுக்கப் போகினமாம். எங்களுக்கு அதுக்குப் பிறகுதான்." சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. பிறகு கோபமும் வந்தது. பிறகு திரும்பவும் சிரிப்பு.

மார்ச் 7, வெள்ளி

கடவுளே, என்ன வேலை செய்து வச்சிருக்கினம்.

சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போய் மத்தியானம் திரும்பி வாறன் — மாமான்ர வளவு பளபளக்குது. ஒரு சருகு இல்லை. மாமா வேலைக்குப் போன நேரம் முழுச் சனமும் சேர்ந்து சிரமதானம் செய்திருக்குது. முற்றத்துக்குச் சாணித் தண்ணி வேற. அம்மா பெருமையாய் விளக்குமாற்றோட நிக்கிறா.

"பெரிய ஆளுங்க வர்றப்ப குப்பையா கெடந்தா நமக்குத்தானே அசிங்கம்?"

என்னத்தைச் சொல்ல? "சுத்தமில்லாத சனம்" எண்டு கேட்டுக் கேட்டே வளர்ந்த ஆக்கள். ஆரோட கோவிக்கிறது?

கிணற்றுக்குப் பின்னால் சருகுக் குவியல். சுமன் தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டு நிக்கிறான். ஓடிப்போய்க் குவியலுக்கு முன்னால் விழுந்தன். "என்னையும் சேர்த்துக் கொளுத்தடா." அவன் பயந்து தீப்பெட்டியைக் கிணற்றுக்குள்ள போட்டிட்டான்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒழுங்காக எழுதுகிறேன்.

வௌவால் தூங்குவதே அந்தச் சருகுக்குள்தான் என்று சொன்னதும் எல்லாரும் குவியலைச் சுற்றிக் குந்தினார்கள். ஒவ்வொரு சருகாக, குழந்தைக்குத் துணி மாற்றுவது போல் விலக்கினார்கள். மாமிதான் கண்டெடுத்தா. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் துடிக்குது" என்றா.

அந்தச் சருகை அதே மரத்தில், அதே பக்கத்தில் நாரால் கட்டினோம். ஒன்று மட்டும் தொங்கினால் பாவம் என்று சனம் மற்ற மரங்களுக்கும் கட்டத் தொடங்கிவிட்டது. காலையில் வெட்டிய சருகைப் பின்னேரம் திருப்பிக் கட்டிய ஊர் உலகத்தில் வேறு இருக்காது. கலியாண வீடு தோற்றது. சுமன் பாதியைத் தலைகீழாகக் கட்டியிருந்தான்.

பொழுதுபட, இரண்டும் பறந்து போயின. திரும்பி வருமா?

மார்ச் 8, சனி

காலையில் அந்தச் சருகு வெறுமை.

கொழும்பு ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். அக்கா மரம் மரமாகத் தடியை உயர்த்தினா. வெறுமை. வெறுமை. கடைசியில், சுமன் தலைகீழாகக் கட்டிய ஒன்றுக்குள் — அக்கா என் கையை நசுக்கினா.

இரண்டும்.

வந்தவர்களில் பெரியவர், சருகை ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டார். ஊரே மேலே பார்த்தது. மாமாதான், "காத்துக்கு விழாம இருக்கத்தாங்க" என்றார். முதலில் சிரித்தது அக்கா. பிறகு கொழும்பும் சிரித்தது.

"உண்டு" என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆய்வு தொடரும். தடி இனி மாமாவின் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டா. சுமன் இன்னும் தன்னைத்தான் விஞ்ஞானி என்கிறான்.

ஏப்ரல் 9, புதன்

மாமா இன்று பரமேஸ்வரன் முதலாளியின் தோட்டத்தில் சருகு வெட்டினார். ஒரு மரத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்.

"டேய் சிவராசா, இதை ஏன் விட்டனி?"

"அதுல ஆளு இருக்குங்க. குடியிருக்கிறவங்கள எழுப்புற வேலைக்கு நான் வரல."

இதை மாமி சொல்லச் சொல்ல, எனக்குத் திரும்பவும் ஆடவேண்டும் போலிருந்தது.

பின்னேரம் முதலாளியே எங்கள் வாசல் படலைக்கு வந்தார். அந்தக் கண்ணாடித் தடியை ஒருக்காத் தரலாமோ என்று கேட்டார்.

"அது மாமாட்ட இருக்குது. அவரைக் கேளுங்கோ."

படலையைச் சாத்தினார். பிறகு மாமாவின் வளவுக்குள் நடந்தார், தொங்கும் சருகுகளில் தலை தட்டாமல் நன்றாகக் குனிந்து.