முதல் நான்கு புள்ளிகள்

உன் மனைவி கொடுத்த பொட்டலத்தை மூன்று நாளைக்கு முன்புதான் பிரித்தேன். பழைய செய்தித்தாளுக்குள் ஒரு துணி. துணிக்குள் அந்த இரும்பு வில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எட்டு ஆண்டுகளில் அது துருவேறி உதிர்ந்திருக்க வேண்டும். ஒரு பொட்டுத் துருகூட இல்லை. முகர்ந்து பார்த்தேன். யூகலிப்டஸ் தைல வாசனை. தைலம் தடவிப் பொதிந்து வைத்தாலும் ஒன்றிரண்டு மாதத்தில் பறந்துவிடும். அப்படியென்றால் சாவதற்கு முந்தைய வாரம்கூட நீ அதை எடுத்துத் துடைத்திருக்கிறாய்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வில்லையை ஓங்கிச் சுவரில் எறிந்தேன். காரை பெயர்ந்து விழுந்தது. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதற்கு எப்போதுமே ஒன்றும் ஆனதில்லை.

என் அண்ணனைக் கொன்றவன் நீ என்று இந்த எட்டு ஆண்டுகளாகப் பேத்துப்பாறையில் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிவந்தேன். அது பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் நீ. நீ வாயைத் திறக்கவில்லை. உன்மேல் எனக்கு எத்தனையோ வன்மங்கள் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது அதுதான்.

வாயை மூடிக்கொண்டு அடி வாங்குகிறவன் அல்ல நீ. கொடைக்கானல் விடுதியில் நாம் பழகியதே அடிதடியில்தான். ஆடலூர்க் காப்பித் தோட்டத்திலிருந்து வந்தவன் நீ, பேத்துப்பாறையில் பூண்டு போடும் வீட்டிலிருந்து வந்தவன் நான். குளிருக்கு இருந்த ஒரே வாளி வெந்நீருக்காக உன்னைப் பிடித்துத் தள்ளினேன். நீ எழுந்து வந்து என் மூக்கை உடைத்தாய். இரத்தம் நின்றதும் மீதி வெந்நீரை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொண்டோம். என் மூக்கு இன்னும் கோணல்தான். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அடித்தால் அடி. அதோடு முடிந்தது.

பிறகு ஒரே வேலைக்கு ஒரே நாளில் நேர்காணலுக்குப் போனோம். அணு உலையில் நியூட்ரான் சிதறல் கருவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். உன்னை எடுத்தார்கள். எனக்கு மதுரையில் ஒரு கல்லூரியும் சுண்ணக்கட்டியும் கிடைத்தன. ஆண்டுதோறும் நீ கூப்பிடுவாய். "வாடா மாப்ள, ரெண்டு நாளு மெஷின் சும்மாதான் கெடக்கு" என்பாய். பிச்சை போடுகிற மாதிரி எனக்குக் கேட்கும். ஆனாலும் வருவேன். வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இது என்னுடையதாக இருக்க வேண்டியது என்று நினைப்பேன். உனக்கு அது தெரிந்தே இருந்திருக்கும்.

அண்ணன் ஊருக்கு மேலே தைல அடுப்பு போட்டிருந்தான். யூகலிப்டஸ் இலையை நீராவியில் வேகவைத்துத் தைலம் இறக்கும் வேலை. பழைய அடுப்பு போதவில்லை என்று, மூடிப்போன ஒரு மில்லிலிருந்து பாய்லர் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வத்தலக்குண்டிலிருந்து வந்த ஃபிட்டர் அதன் அடித்தட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் அடைக்கிறது, நெருப்புப் பட்டுப் பட்டு இரும்பு களைத்துவிட்டது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவன் பக்கத்தில் நிற்கும்போது சுத்தியலால் நோய் பார்க்கிறாரே என்று. குழாய்க்காக அடித்தட்டில் துளை போட்டபோது வட்டமாக ஒரு துண்டு விழுந்தது, இந்த வில்லைதான். அதை எடுத்து, அன்றைக்கு என்னோடு ஊருக்கு வந்திருந்த உன்னிடம் கொடுத்தான் அண்ணன். என்னிடம் கொடுக்கவில்லை.

"ஏலே, இரும்புக்குள்ள எப்படிப் பாப்பீக?" என்று கேட்டான்.

நீ ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அண்ணே, பனிக்குள்ள எதுக்க வண்டி வந்தா லைட்டச் சுத்தி வளையம் தெரியும்ல? துளி பொடிசா இருந்தா வளையம் அகலமா விரியும். துளி பெருசா இருந்தா வளையம் சுருங்கி லைட்ட ஒட்டிக்கிரும். நாங்க வெளிச்சத்துக்குப் பதிலா நியூட்ரான விடுறோம். இரும்புக்குள்ள பொத்தல் இருந்தா வளையத்த வச்சே அளவச் சொல்லிருவோம்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பெரிய பொத்த லைட்டுக்குள்ளயே ஒளிஞ்சிக்கிரும்னு சொல்லு."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பாத்தியாடா, உங்கண்ணன் நம்ம ரெண்டு பேத்தவிட வெவரம்."

பத்தாம் வகுப்புத் தாண்டாத அண்ணன் ஒரு நொடியில் பிடித்ததை நான் இரண்டு ஆண்டு படித்துத்தான் பிடித்தேன். அன்றைக்கு அதையும் உன் கணக்கில் வன்மமாகச் சேர்த்துக்கொண்டேன்.

உலைக்குத் திரும்பியதும் வில்லையைத் தேய்த்து மெல்லிசாக்கி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைத்தோம். இரும்பின் காந்தக் குணத்தால் வரும் சிதறலையும் பொத்தலால் வரும் சிதறலையும் பிரித்தெடுக்கத்தான் காந்தம். நியூட்ரான்கள் துண்டைத் துளைத்துக்கொண்டு நீண்ட வெற்றிடக் குழாய் வழியே போய், அவற்றை எண்ணும் அளவியில் விழுந்தன. விலகாமல் நேராக வரும் கற்றை அளவியைக் கெடுத்துவிடும் என்று அதன் நடுவில் நியூட்ரானை விழுங்கும் ஒரு காட்மியத் தகட்டை வைத்து மறைத்திருந்தாய். திரையில் கோடு வந்தது. அகலமான கோணங்களில் புது இரும்பைப் போலவே அமைதியாக இருந்தது. தகட்டை ஒட்டியிருந்த முதல் நான்கு புள்ளிகள் மட்டும் செங்குத்தாக மேலே ஏறின.

வெட்டிவிடு என்றேன். கற்றையின் விளிம்பு தகட்டைத் தாண்டிக் கசிவது வழக்கம், அந்த முதல் சில புள்ளிகளைக் கத்தரித்துவிட்டுக் கோடு போடுவதும் வழக்கம். நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். யாரும் கேள்வி கேட்பதில்லை.

நீ தலையாட்டவில்லை. "துண்டு இல்லாம காலிச் சட்டத்த மட்டும் வச்சுப் பாத்தப்ப இது இல்லடா. கசிவுன்னா அதுலயும் இருக்கணும்ல. அளவியப் பின்னாடி தள்ளி, இன்னும் சின்னக் கோணத்துல பாக்கணும். அது வரைக்கும் அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லாத."

அன்று மாலையே உலையை நிறுத்துவதாக இருந்தது. மறுபடி ஓட மூன்று மாதம். நீ சொன்னது சரியென்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. என் கருவி, என் நேரம், நான் சொல்லும்போது பேசு என்று விழுந்தது. நீ ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்கக் கீழே போனாய். அண்ணன் போனில் கூப்பிட்டான். இலை வெட்டிக் குவித்துவிட்டோம், காய்ந்தால் தைலம் குறையும், இரும்பு நல்லதா கெட்டதா என்றான்.

நல்லாருக்கு என்றேன்.

"நீ சொல்றது இருக்கட்டும்லே. அவன் என்ன சொல்றான்?"

என் கூடப் பிறந்தவன். என் சொல் போதவில்லை அவனுக்கு. "அவனும் அதான் சொல்றான். மெஷின்காரனே சொல்லிட்டான், பத்த வையி" என்றேன்.

நீ திரும்பி வந்தபோது போன் என் சட்டைப் பைக்குள் இருந்தது. யார் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எட்டு ஆண்டுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

நாற்பது நாள் அந்த பாய்லர் ஓடியது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான் வெள்ளனே அண்ணனுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு ஏறினேன். கடைசி வளைவில் இருந்தபோது தரை உதைத்தது. அதன் பிறகுதான் சத்தம் கேட்டது. அடித்தட்டு கிழிந்து, பாய்லர் அடுப்பைப் பிளந்துகொண்டு எழும்பி, கொட்டகைக் கூரையோடு பள்ளத்தில் போய் விழுந்தது. மரத்தில் ஒரு இலைகூட இல்லை. நீராவி வெளுப்பாக நின்றது. அதற்குள்ளிருந்து அண்ணன் நடந்து வந்தான். நடந்தே வந்தான். கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, ஈரச் சட்டையைக் கழற்றப் போகிறவன் மாதிரி. அவன்மேல் சட்டை இல்லை. நான் பிடித்த இடத்தில் தோல் என் கையோடு வந்துவிட்டது.

மலையிலிருந்து இறங்கும் ஜீப்பில் என் மடியில் கிடந்தான். வத்தலக்குண்டு தாண்டும் வரை பேசினான். "நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் பாத்துச் சொல்லியிருப்பீக. இது வேற எங்குட்டோ கோளாறு" என்றான். திட்டியிருக்கலாம். கடைசி வரை திட்டவில்லை. மறுநாள் மதியம் மதுரையில் இறந்தான்.

நீ சாவுக்கு வந்தாய். பாடையைத் தூக்கும் நேரம். முற்றத்தில் ஊரே நின்றது. மதினி உன்னைப் பார்த்ததும், எதை நம்பி நல்லாருக்குன்னு சொன்னீங்க என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டதை நான் பார்த்தேன். நீ வாய் திறப்பதற்குள் பாய்ந்துவிட்டேன். கையில் அகப்பட்ட விறகுக் கட்டையால் உன் இடது பக்கத் தலையில் அடித்தேன். விழுந்தாய். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அடித்தேன். இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். உன் கை ஒரு தடவைகூட எழவில்லை. திருப்பி அடி, திருப்பி அடி என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டே அடித்தேன். மூக்கை உடைத்தவன்தானே நீ. மதினி குனிந்து முற்றத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி உன்மேல் தூற்றினாள். உன் குடி வெளங்காது, உனக்கும் இப்படியொரு சாவுதான் என்றாள். இடது காதிலிருந்து வழிந்த இரத்தத்தில் அந்த மண் ஒட்டிக்கொண்டது. நீ எழுந்து, துடைக்காமல், இறங்கிப் போனாய்.

ஆறு மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. ஒரே ஒரு தாள். அளவியைப் பின்னால் தள்ளி எடுத்த புதிய கோடு. நாம் எடுத்த பழைய புள்ளிகளையும் அதே தாளில் போட்டிருந்தாய். அந்த முதல் நான்கு புள்ளிகளின் மேல் புதிய கோடு இம்மியும் பிசகாமல் ஏறிப் போனது. பொத்தல்கள் பெரியவை, நிறைய, தட்டு முழுக்க. கடிதம் இல்லை. திட்டு இல்லை. கிழித்து அடுப்பில் போட்டேன். அந்தத் தாளை என் மதினிக்கு அனுப்பியிருக்கலாமே நீ. கல்லூரிக்கு அனுப்பியிருக்கலாமே. எனக்கு மட்டும் ஏன் அனுப்பினாய்?

நீ வேலையை விட்டுவிட்டு ஆடலூர்த் தோட்டத்துக்கே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். பிறகு போன மாதம் அந்தச் செய்தி வந்தது. காப்பிச் செடிக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவனைக் காட்டுமாடு குத்திவிட்டது. விலாவில் ஏறிய கொம்பு தோள் வழியே வந்ததாம். பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். துக்கம் கேட்க வந்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முடிந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வந்தேன்.

உன் மனைவி எனக்குக் காப்பி கொடுத்தாள். "எடது பக்கமா வந்துச்சாம்ணே. பின்னாடி வந்தவுக சத்தம் போட்டுருக்காக. இவுகளுக்குத்தான் அந்தக் காது கேக்காதுல்ல" என்றாள். தெரிந்து சொன்னாளா தெரியாமல் சொன்னாளா, முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே போய் இந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். கொண்டுபோய்க் குடுக்கலாம்ல என்று அவள் எத்தனையோ தடவை உன்னிடம் சொன்னாளாம். அவனா வருவான் என்பாயாம் நீ.

நேற்று வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு பேத்துப்பாறைக்குப் போனேன். மதினி வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க தம்பி" என்று சாக்கை விரித்தாள். எட்டு ஆண்டாக ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். நான்கு புள்ளிகள், நீ பொறு என்றது, அண்ணன் போனில் கேட்டது, நான் உன் பேரைச் சொன்னது. நீ எப்படிச் செத்தாய் என்பது அவளுக்கு முன்பே தெரியும். எந்தக் காது கேட்காமல் போயிருந்தது என்பதை மட்டும் நான் சொன்னேன்.

அவள் கை பூண்டிலேயே இருந்தது. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நா தூத்துன மண்ண இனி எப்பிடித் திருப்பி அள்ளுறது?"

அதே முற்றம், அதே மண். அவள் எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். குனிவாள், இரண்டு கையாலும் வாருவாள், என் தலையில் விழும் என்று காத்திருந்தேன். விழவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்கு மட்டும்தான் புரியும். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது முறத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"வெரசா எறங்குங்க. பொழுது சாஞ்சா ரோட்டுல மாடு நிக்கும்" என்றாள் உள்ளிருந்து. தம்பி என்று சொல்லவில்லை.

நீயும் அடிக்கவில்லை, அவளும் தூற்றவில்லை. உங்கள் இருவரையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

வில்லை என் மேசைமேல் இருக்கிறது. தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். இனி நான்தான் துடைக்க வேண்டும். இன்று காலை மதுரையில் பால் வாங்கப் போனேன். இங்கே காட்டுமாடு இல்லை. எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கின்றன. ஆனாலும் தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுத் தடவை நின்று, இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.