உன் மகளுக்கு நான் போட்ட எட்டு

என் உயிர் மாப்ளே சுருளி,

நலமா என்று உன்னைக் கேட்பது சரியில்லை. நீ இருக்கும் இடத்தில் நலத்துக்கு என்ன குறைச்சல்? குறைச்சலெல்லாம் இங்கேதான், அதுவும் என்னிடம்தான். ஏலக்காய் வியாபாரிகள் சங்க மலரில் உன் நினைவாக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உன் நல்ல குணங்களை நாலு வரி எழுதி, கண்ணீர் அஞ்சலி என்று முடித்துக் கொடுத்திருக்கலாம். முடியவில்லை மாப்ளே. ஊரறிய உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடான சேதி.

அதற்கு முன்னால் நல்ல சேதி. நான் மின்சாரக் கார் வாங்கிவிட்டேன். சிரிக்காதே. "கரண்ட நம்பி போடிமெட்டுக்கு ஏறுறியே, பாதியில நின்னா யாரு வந்து தள்ளுவா?" என்று நீ கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. ஜீப்பில் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏலக்காய் வாங்க குரங்கணிக்கும் போடிமெட்டுக்கும் போய் வந்தால் இரண்டு நாள் நொண்டுகிறேன். இந்த வண்டியில் கிளட்ச்சே கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை. அதைக் கேட்டதும் மயங்கிவிட்டேன்.

வாங்கியது தேனியில். உன் மகள் ரம்யா அங்கே ஒரு கார் கடையில்தான் வேலை பார்க்கிறாள். புது வண்டியைச் சோதித்து, வாங்குகிறவர் கையில் சாவியைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து அனுப்பும் வேலை. நீ போன பிறகு உன் வீட்டில் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான். தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள், சீக்கிரமே நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மதுரையில் எடு, இன்னும் குறைத்துத் தருவார்கள் என்று பல பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சுருளி மகள் கணக்கில் ஒரு வண்டி போகட்டும் என்று தேனியிலேயே எடுத்தேன். அந்த நல்ல எண்ணத்தை இங்கே அழுத்தி எழுதிக்கொள்கிறேன். இதற்குமேல் இந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் வராது.

வண்டியை எடுக்க நானும் நூர்ஜஹானும் போயிருந்தோம். "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று ஓடி வந்தாள். சீருடையில் பார்த்ததும் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு பெரிய மனுஷியாகத் தெரிந்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். நூர்ஜஹான்தான் சொன்னாள், "அண்ணே இருந்தா வச்சிருப்பாரு. நீ வை புள்ள. நாங்க பிஸ்மி சொல்லி ஏறிக்கிறோம்."

"வெளிச்சத்துல நல்லாப் பாத்துக்கங்க மாமா. கீறல் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிரணும். வாசலத் தாண்டிட்டா அது நம்ம கீறல்" என்றாள். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த சேசிஸ் எண்ணைக் காட்டி, காகிதத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். டயர் எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று அதன் மேலேயே படித்துக் காட்டினாள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினாள். சார்ஜ் போடும் மூடியைத் திறந்து, கேபிளைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்க்க வைத்தாள். மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள் மாப்ளே, அப்படியே உன்னை மாதிரி. எனக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்து போனது.

நிறைந்தது நெஞ்சோடு நின்றுவிட்டது. வாயிலிருந்து வந்தது வேறு.

நம் தொழில்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாம்பிள் தட்டில் காயைக் கொட்டினால் ஒரு பிடி அள்ளுவோம். உள்ளங்கையில் உருட்டி, ஒன்றை நகத்தால் பிளந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, எவ்வளவு நல்ல காயாக இருந்தாலும் "ப்ச்" என்று தட்டிலேயே போடுவோம். நிறம் பத்தாது, வாய் பிளந்திருக்கு, ஈரம் இருக்கு. நல்ல காய் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் விலை ஏறிவிடும். உனக்கும் எனக்கும் இதுதானே பிழைப்பு? பங்குக் கடை வைத்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்து வளர்த்த நாக்குதானே இது?

அந்த நாக்கை நான் கார் கடைக்கும் கொண்டுபோய்விட்டேன். பெயின்ட்டைத் தடவிப் பார்த்து "ப்ச்" என்றேன். "ஸ்டெப்னி எங்க?" என்றேன். "இதுல ஸ்டெப்னி வராது மாமா, பஞ்சர் ஒட்டுற சாமானும் காத்தடிக்கிற பம்ப்பும் குடுத்திருக்கோம்" என்றாள். "ஸ்டெப்னி இல்லாம குரங்கணி ரோட்டுக்கு எவன் போவான்? ப்ச்." டிக்கியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தும் பார்த்தேன். "ஏங்க, அது காய் மூட்டை இல்லைங்க" என்று நூர்ஜஹான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ரம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு உள்ளே உட்கார வைத்து வண்டியைத் தயார் செய்து கொடுத்தாள். என் போனை வண்டியோடு இணைத்தாள். நான் கடவுச்சொல்லை மறந்து மறந்து முழிக்க, சளைக்காமல் புதுசு புதுசாகப் போட்டுக் கொடுத்தாள். "மாமா, காலை எடுத்தாலே வண்டி தானா இழுத்துப் பிடிக்கும். பிரேக் தேயாது, இறக்கத்துல சார்ஜும் ஏறும். மெட்டுல இருந்து இறங்கையில இந்த இழுவை அளவ மூணுல வைங்க, ஊருக்குள்ள ஒண்ணு போதும். மேலயே ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டு இறங்காதீங்க, அப்ப இழுத்துப் பிடிக்காது." கேட்டதையே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சொன்னதையே அவளும் சிரித்த முகத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னாள். கிளம்பும்போது, "மாமா, கம்பெனியில இருந்து போன் வரும். என்கிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. மனசுல உள்ளதச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். நல்லதாகச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. உன் மகள் அல்லவா.

மெட்டுக்கு ஏறி இறங்கிப் பார்த்தேன் மாப்ளே. அவள் சொன்னபடியே இறக்கத்தில் சார்ஜ் ஏறியது. அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வரைக்கும் சின்னப் பிள்ளையைப் போல ஏறுகிற அந்தச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன் வந்தபோது கடையில் இருந்தேன். சாம்பிள் தட்டுகளைச் சுற்றி நம் ஆட்கள் நாலைந்து பேர். ஸ்பீக்கரில் போட்டேன். எதற்கு ஸ்பீக்கரில் போட்டேன் என்று கேட்காதே. புதுக்கார் வாங்கியவன் வேறு எதற்குப் போடுவான்?

"வண்டி ஒப்படைச்ச விதத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க சார்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "எட்டு" என்றேன். கடையே சிரித்தது. "காதர் பாய் எட்டு போட்டுட்டாரா! மலையில மழைதான் இன்னைக்கு" என்றான் ஒருவன். என் வாயிலிருந்து எட்டு வருவதே அவர்களுக்கு அதிசயம். "ரெண்டு மார்க் எதுக்கு சார் குறைச்சீங்க?" என்றது அந்தக் குரல். அத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள், விடுவேனா? "குறையில்லாத சரக்கு உண்டாம்மா? ஸ்டெப்னி இல்ல. நம்பர் பிளேட்டு ஒரு பக்கம் கோணலா நிக்கிது. ஒப்படைச்ச புள்ள படபடன்னு பேசுது, நிதானம் பத்தாது" என்றேன்.

நிதானம் பத்தாது. உன் குரலை அவளிடம் கேட்டு நெஞ்சு நிறைந்தவன்தான் அப்படிச் சொன்னேன்.

அந்தக் கம்பெனியில் ஒன்பதுக்குக் கீழே போட்டால் தேறவில்லை என்று கணக்காம். எனக்கு எப்படித் தெரியும்? எட்டு மில்லிமீட்டர் காய்தானே நமக்கு முதல் தரம், அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பொய் மாப்ளே. பத்து என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் நிஜம். நான் பேசியதைப் பதிவு செய்து, காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறாள். வண்டி ஒப்படைக்கும் வேலையிலிருந்து எடுத்து, போன் பேசும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். நிரந்தரம் ஆக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இது எனக்கு உன் வீட்டம்மா மூலமாகத்தான் தெரிந்தது. நூர்ஜஹானிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார், காதர் அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். நூர்ஜஹான் வீட்டுக்கு வந்து தலைமுக்காட்டைக்கூட எடுக்கவில்லை. "காய்க்குக் காது இல்லங்க, எதையும் பேசலாம். அந்தப் புள்ளைக்குக் காது இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று "நல்லாச் செஞ்ச தாயீ" என்று சொல்லிப் பழகினேன். என் முகத்துக்கு அது ஒட்டவே இல்லை.

மறுநாள் தேனிக்குப் போனேன். மேலாளர் சின்ன வயசுப் பையன், மரியாதையானவன். "பத்துன்னு மாத்தி எழுதிக்கங்க" என்றேன். "எங்களால தொட முடியாதுங்க சார், நேரா மேல போயிருது" என்றான். "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றேன். "சரிங்க சார். அப்ப அன்னைக்கு எதுக்கு சார் எட்டு சொன்னீங்க?" அவன் குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "ஏலக்கா யாவாரி தம்பி நாங்க, அப்படித்தான் பேசுவோம்" என்றேன். அவன் சிரித்தான். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்தேன்.

வாசலில் ரம்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, சார்ஜ் எப்படி நிக்கிது? இறக்கத்துல மூணுல வைக்கிறீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்குத் தண்ணீர் புரையேறியது. "தாயீ, அந்த எட்டு..." என்று தொடங்கினேன்.

"அப்பா சொல்லுவாரு மாமா. காதர் ஒரு சரக்கக் குறை சொன்னான்னா, அத அவன் வாங்கப் போறான்னு அர்த்தம்னு. அந்தக் கூட்டத்துல நீங்க பேசுனதப் போட்டப்ப நான் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன்." டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "மத்தவங்க யாரும் சிரிக்கல மாமா."

நீ இருந்து என்னைக் காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நீ மட்டும் இருந்திருந்தால் அந்தப் போன் வந்தபோது என் கையிலிருந்து பிடுங்கியிருப்பாய், இல்லையா? உன் மகளுக்கு உதவப் போனவன் நான். அவள் சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டு, அவள் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடித்து வந்தேன்.

போன வாரம் மறுபடியும் போன் வந்தது. முதல் சர்வீஸ் பற்றிக் கேட்பதற்காக. "வணக்கம் சார்" என்றது குரல். ரம்யாதான். "தாயீ!" என்றேன். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது சார்" என்றாள். புரிந்துகொண்டேன். "வண்டி எப்படி ஓடுகிறது சார்? பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?" பத்து என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது. "குறை ஏதாவது இருக்கிறதா சார்?" ஒரு குறையும் இல்லம்மா, வண்டிய ஒப்படைச்ச புள்ள மாதிரி ஒரு புள்ள இந்த ஜில்லாவுலயே கிடையாது என்று மளமளவென்று சொன்னேன். "இது சர்வீஸ் சம்பந்தமான அழைப்பு மட்டும்தான் சார். நன்றி சார்."

சார் என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அது அவள் சோலி. ஆனால் அவள் நிதானமாகப் பேசினாள் மாப்ளே. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, இடைவெளி விட்டு, அச்சடித்ததைப் படிப்பதுபோல. அந்தப் படபடப்பு துளிகூட இல்லை. உன் பேச்சு இந்த ஊரில் மிச்சம் இருந்தது அவள் வாயில் மட்டும்தான்.

அதனால் ஊர் முன்னால் எழுதித் தருகிறேன். ரம்யா எனக்கு வண்டி ஒப்படைத்த விதத்தில் எள்ளளவும் குறையில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு, அந்த மேலாளருக்கும் மேலே யார் இருக்கிறாரோ அவர் முன்னால் போய் நிற்பேன். அவளுக்குப் பழைய வேலை கிடைக்கும்வரை நிற்பேன். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்ததும் உன் வீட்டுக்குப் போவேன். அவள் என்னிடம் மறுபடி மூச்சு விடாமல் பேசுகிற வரைக்கும் போவேன், இது உன்மேல் சத்தியம்.

யார் மாமன், யார் மாப்பிள்ளை என்று கடைசிவரை பஞ்சாயத்து முடியாத,
உன் மாப்ளே
காதர்