யார் பக்கம் என்று கேட்ட என் அப்பாவுக்கு

என் உயிரான அப்பா,

நீ இருந்த காலத்தில் உன்னிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து குரலை உயர்த்துவாய், நான் எழுந்து போய்விடுவேன். இப்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. முழுசாகக் கேள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் மீன்பிடி போட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் அதே சேதராப்பட்டு கம்பெனிக்கு அதே காலை பஸ்ஸில் போய் வருகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பெரிய மார்க்கெட்டிலிருந்து உன் படத்துக்கு மாலை வந்துவிடுகிறது. மாலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு வருஷமாகியும் ஆறவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

போன மாதம் நம் தெரு நலச் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். உன் தலைவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரும் வந்தார். சுதந்திர தினத்துக்கு உன் படம் போட்டு பேனர் வைக்கப் போகிறார்களாம். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் தேசியக் கொடி, கீழே 'தேசமே மூச்சாக வாழ்ந்தவர்' என்று எழுத்து. கொடி ஏற்றுவதற்கு முன்னால் உன்னைப் பற்றி நான் மைக்கில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. நானும் சரி என்றேன்.

என்ன பேசினேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த ஆகஸ்ட் பதினைந்தை எழுத வேண்டும். உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

நம் தெருவில் வயதில் மூத்தவர்தான் கொடி ஏற்றுவது என்று ஒரு வழக்கம். பல வருஷமாக அது அப்துல் பாய். வைத்திக்குப்பத்தில் போட்டுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிறவர். அவரை ரொம்ப நல்லவர், தங்கமானவர் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. சிடுமூஞ்சி. பந்து வீட்டுக்குள் விழுந்தால் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரமாட்டார். உனக்கும் அவருக்கும் ஐஸ் உருகிப்போச்சு, கொறைச்சலாப் போட்ட என்று வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும். ஒரு மனிதர் தன் சொந்தத் தெருவில் கொடி ஏற்ற அவர் தங்கமாக இருக்க வேண்டுமா என்ன?

அந்த வருஷம் டிவியில் எல்லை, சண்டை என்று ஒரே இரைச்சல். தெரு வாட்ஸ்அப் குழுவில் கண்டதையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதியை அனுப்பியது நீ. அன்றைக்குக் காலையில் பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து கொடிக்கயிற்றில் கை வைத்தார். நீ மைக்கைப் பிடித்தபடியே சொன்னாய்:

"இருங்க பாய். கொடியத் தொடறதுக்கு முன்னாடி, நீங்க யார் பக்கம்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவ சொல்லிடுங்க."

யாரோ சிரித்தார்கள். பாய் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மைக் இல்லாமலே கேட்டார்:

"ஒன்னை யாராச்சும் கேட்டாங்களா, ஆறுமுகம்?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அடுத்த மூத்தவர் என்று நீ அத்தை வீட்டுக்காரரைக் கூப்பிட்டாய். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர் என்பதால் தெருவே சொல்தா மாமா என்று கூப்பிடுமே, அவரைத்தான். ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய நாளுக்கு மெடல் குத்திக்கொண்டு பிரெஞ்சுக் கொடிக்கு சல்யூட் அடித்தவர். பிரான்ஸ் பென்ஷன், பிரான்ஸ் பாஸ்போர்ட், ஓட்டுப் போடுவதும் அந்த நாட்டுக்குத்தான். அதே மெடலோடு வந்து நம் கொடியை ஏற்றினார். நீ முதல் ஆளாகக் கை தட்டினாய். அவர் எந்தப் பக்கம் என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் கூடாது. அது யாரிடமும் கேட்கிற கேள்வியே இல்லை. ஆனால் ஒருவரிடம் மட்டும் கேட்டாயே அப்பா, ஏன்?

நான் அங்கேதான் நின்றேன். கையில் மிட்டாய்த் தட்டு. வாயைத் திறக்கவில்லை. கொடி ஏறியதும் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்தத் தட்டைப் பிடித்திருந்தவள் மேல்தான்.

உனக்குக் கொடி மேல் ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்ஜின் நின்றுபோய் இரண்டு நாள் கடலில் கிடந்தபோது, கடலோரக் காவல் படைக் கப்பலில் அந்தக் கொடியைப் பார்த்து அழுதேன் என்று சொல்வாய். சொல்லும்போதும் அழுவாய். நான் அதை நம்புகிறேன். அந்தக் கப்பலில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது, சைகையிலேயே பேசினோம் என்றும் சொன்னாய். உன்னை மேலே தூக்குவதற்கு முன்னால் நீ யார் பக்கம் என்று அவர்கள் கேட்டார்களா?

கூடத்தில் இந்திய வரைபடத்தை மாட்டி வைத்திருந்தாய். என்னோடு வேலை செய்கிற ஒடிசாப் பெண் சுமித்ராவுக்கு மாடி அறையைக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் வடக்கத்திக்காரங்களுக்கு வீடு கிடையாது என்றாய். பாய் வேண்டாம், சுமித்ரா வேண்டாம். நீ உயிரையே கொடுப்பேன் என்று சொன்ன நாட்டில் உன்னைத் தவிர யார்தான் மிச்சம்?

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஒரு மத்தியானம், அம்மா சாப்பிடப் போன நேரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு பாயிடம் போய் அதையெல்லாம் மறந்துடச் சொல்லு என்றாய். அன்றைக்கே போனேன். கதவைத் திறந்தது பாயம்மா. பாய் உள்ளே இருந்தபடியே கேட்டார், மறக்கச் சொன்னாரா, மன்னிக்கச் சொன்னாரா என்று. மறக்கத்தான் என்றேன். "அப்ப நான் மறக்கல" என்றார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்து, அவர் சரி என்று சொல்லிவிட்டதாக உன்னிடம் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, நல்ல மனுசன் என்றாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். பாய் உன் சாவுக்கு வரவில்லை. அது தெருவில் பெரிய பேச்சாக ஓடியது. பார்த்தீங்களா, சாவுக்குக்கூட வரல என்று உன் சங்கத்துக்காரர்கள் அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார்கள். நான் அப்போதும் சும்மாதான் இருந்தேன்.

இந்த ஆகஸ்டில் சும்மா இருக்க முடியவில்லை.

பேனருக்குக் கீழே நின்று மைக்கை வாங்கினேன். என் அப்பாவுக்கு இந்த நாட்டின் மேல் ஆசை உண்டு, ஆனால் இந்தத் தெருவில் ஒருவரை நிற்க வைத்துச் சோதித்தார், அது தப்பு, பார்த்துக்கொண்டு நின்ற நாம் எல்லோரும் செய்ததும் தப்பு என்றேன். பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவரைக் கேட்காத கேள்வியை, இங்கேயே பிறந்து ஐஸ் உடைத்தவரைக் கேட்டோம் என்றேன். அந்த பேனரை இறக்குங்கள் என்று சொல்லும்போது மைக்கை நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை மைக் இல்லாமலே சொன்னேன்.

அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பன் பேரக் கெடுக்கறா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சொல்தா மாமா என் பக்கத்தில் வந்து, தன்னை ஏன் இதில் இழுத்தாய் என்று மெதுவாகக் கேட்டார். ஒங்கள யாரும் கேக்கல மாமா, அதத்தான் சொன்னேன் என்றேன். அந்த வருஷம் தான் கொடி ஏற்றியிருக்கக் கூடாது என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து முணுமுணுத்துவிட்டுப் போனார். பேனர் சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான் இருந்தது. இறக்கியது நானும் சுமித்ராவும். ஆமாம், மாடி அறையில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

அதற்கப்புறம் பாய் வீட்டுக்குப் போனேன். ஸ்பீக்கர்ல கேட்டேன், ஒங்கப்பன் பேசியிருக்க வேண்டியதை நீ பேசின என்றார். உட்காரச் சொன்னார். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிப் பொய்யை அவரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். சாகிறவரை நிம்மதியாக அனுப்பியதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"நான் சரின்னு சொன்னேன்னு சொன்னியா? என் வாய்க்கு நீ யாரு? அன்னைக்குக் கொடிக்கிட்ட அவன் என்னப் பேசச் சொன்னான், நான் பேசல. நீ எனக்குப் பதிலா பேசிட்டு வந்துட்ட."

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"அந்த வார்த்தையத் திருப்பி வாங்கு" என்றார். "எப்படி வாங்குவியோ, எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆகவே கேள் அப்பா. அப்துல் பாய் சரி என்று சொல்லவில்லை. உன்னை மன்னிக்கவில்லை. உன்னிடம் நான் சொன்னது பொய். மன்னிப்புக் கேட்க உனக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, அதை நான் உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். அதற்கு மட்டும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருஷா வருஷம் திதி கொடுப்பேன், உனக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பு வைத்துப் படைப்பேன். உன்னைப் பற்றி நல்லதாகப் பேசச் சொல்லி யார் வந்தாலும், கப்பலைப் பார்த்து நீ அழுததையும் சொல்வேன், பாயைப் பார்த்து நீ கேட்டதையும் சொல்வேன். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல மாட்டேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக இனி யாரிடமும், உன்னிடம்கூட, சொல்ல மாட்டேன்.

உன் பிடிவாதத்தையும் உன் குரலையும் அப்படியே வாங்கிக்கொண்ட
உன் மூத்த மகள்,
கலைவாணி