நான் மாற்றிச் சொன்ன சொல்

இன்று காலை எங்கள் சுவிஸ் ஊரான லாங்கன்தாலின் காட்டுக்குள் இருக்கும் மரச்சீவல் ஓட்டப்பாதையில் கால் வைத்தேன். மழையில் சீவல் நன்றாக ஊறி, அந்தப் புளித்த மணம் எழும்பியது. உனக்குப் பிடித்த மணம். "ஊறிய மரம்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்று நான் கேட்பேன். நீ மூக்கை நிமிர்த்தி இன்னொரு தரம் இழுப்பாய். இன்று நானும் இழுத்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. மரத்தூள் பறந்து விழுந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

இந்த மடலை நீ வாசிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டாய், உனக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால்தான் உன்னை என்னால் ஏமாற்ற முடிந்தது. அதைத் தமிழிலேயே ஒப்புக்கொள்வதுதான் நியாயம் என்று படுகிறது.

நான் ஜெனீவாவில் மொழிபெயர்ப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஏரிக்கரையில் ஓடும்போது உன்னைச் சந்தித்தேன். நீ ஒரு சர்வதேச அலுவலகத்தில் வேலை செய்ய மெம்ஃபிஸிலிருந்து வந்திருந்தாய். பின்னால் ஓடி வந்து என்னைப் பிடித்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "கையை ஏன் இப்படி வீசுகிறாய், யாரையாவது அடிக்கப் போகிறாயா?" என்று கேட்டாய். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்றேன், அது வேறு கதை.

ஓடிக்கொண்டே உன் கதையைச் சொன்னாய். பள்ளியில் சேர்ந்த முதல் நாளே பயிற்சியாளர் உன் தோலைப் பார்த்துவிட்டு நூறு மீற்றர்ச் சப்பாத்தை நீட்டினாராம். "எனக்குத் தூரம் ஓட வேண்டும்" என்றாயாம். "உன் காலுக்கு அது சரிவராது" என்றாராம். நீண்ட தூரம் ஓடும் பெண்கள் நகரத்தின் மறுகரையில், பணக்காரப் பகுதிப் பூங்காவில் பயிற்சி செய்வார்கள். பள்ளி முடிந்து அங்கே போக உனக்கு பஸ் இல்லை. உன் அம்மா ஆஸ்பத்திரியில் தாதி, மாலையில் அவவுக்கு வேலை. ஆகவே உன் தெருவிலேயே தனியாக ஓடினாய். ஒருநாள் பொலிஸ் கார் மெதுவாகப் பின்னால் வந்து, கண்ணாடியை இறக்கி, "யாரிடமிருந்து ஓடுகிறாய்?" என்று கேட்டதாம்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"கடிகாரத்திடமிருந்து என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை" என்றாய்.

பிறகு பெரிய ஓட்டங்களில் நின்றபோது, தொடக்கக் கோட்டில் உன்னைப்போல ஒருத்தி இருக்கிறாளா என்று முன்னும் பின்னும் பார்ப்பாயாம். பெரும்பாலும் இருக்கமாட்டாளாம். இருந்தாலும் அவளைக் கென்யா என்றோ எத்தியோப்பியா என்றோதான் அறிவிப்பார்களாம். அமெரிக்கக் கறுப்புப் பெண் என்றால் நூறு மீற்றர், தூரம் ஓடினால் அவள் அமெரிக்காக்காரியே இல்லை என்பது அவர்கள் கணக்கு என்று சொல்லிச் சிரித்தாய். இங்கே சுவிஸில் ஊர் ஓட்டங்களிலும் அதே பாடுதான். ஒலிவாங்கிக்காரர் "கெனியா!" என்று கத்துவார். நீ மூச்சு வாங்க அவரிடம் போய், "மெம்ஃபிஸ்" என்று திருத்துவாய். ஒவ்வொரு தரமும் போவாய். "விட்டுத்தள்ளு, களைத்துப் போயிருக்கிறாய்" என்றால், "ஓடினது நான், பேரை இன்னொரு நாட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்பாய்.

உனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அமெரிக்காவின் ஒலிம்பிக் தெரிவு மாரத்தானில் தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டும். வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை, நிற்க வேண்டும். அதற்கு இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குள் ஒரு மாரத்தான் ஓடிக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் இல்லை, சப்பாத்துக் கொடுக்க நிறுவனம் இல்லை, மலை முகாம் இல்லை. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் நீயும் உன் கடிகாரமும். சனிக்கிழமைகளில் என்னோடு ரயிலேறி லாங்கன்தாலில் எங்கள் வீட்டுக்கு வருவாய். காட்டுப்பாதையில் ஓடிவிட்டு என் அம்மாவின் சமையலைச் சாப்பிட்டால் கால் நோவு போய்விடும் என்பது உன் மருத்துவம்.

அம்மா உன்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வசனம் நினைவிருக்கிறதா? "தொப்பி போட்டுக்கொண்டு ஓடு பிள்ளை" என்று சொன்னதாக உனக்குச் சொன்னேன். அது பொய். "இந்த வெயிலுக்க நீயும் இதோடை ஓடித் திரிஞ்சு கறுத்துப் போனா உன்னை ஆரடி கட்டுறது?" என்று என்னிடம் கேட்டவ அம்மா. நீ நன்றி சொன்னாய். அம்மாவும் சிரித்தா.

இது எனக்குக் கைவந்த வேலை. ஜெர்மன் சரியாகத் தெரியாத அம்மா, அப்பாவுக்காக எட்டு வயதிலிருந்து செய்கிறேன். டீச்சர், "உங்கள் மகள் வாயே மூடுவதில்லை" என்றால், "கெட்டிக்காரியாம்" என்று அம்மாவுக்குச் சொல்லுவேன். வாடகை வீட்டு நிர்வாகத்து மனிதர் அப்பாவைப் பார்த்து எரிந்து விழுந்தால், "கொஞ்சம் பொறுக்கட்டாம்" என்பேன். அப்பா திருப்பி ஏசினால், "மன்னிப்புக் கேட்கிறார்" என்பேன். இரண்டு பக்கமும் சந்தோசமாக வெளியே வரும். நடுவில் நின்ற பிள்ளைக்கு மட்டும்தான் யார் என்ன கதைத்தார்கள் என்று தெரியும். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படி வளர்ந்தவர்கள்தான். அதை நல்ல குணம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு பிறந்தநாள் விழாவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் அம்மாவின் சிநேகிதி ஒரு மாமி உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் காப்பிலிப் பெட்டையோ உன்ரை கூட்டாளி? ஓடாமல் என்ன செய்யும், அதுகளுக்கு அது ரத்தத்திலையெல்லோ இருக்கு" என்றா. கறுப்பு மனிதரைக் கீழாகச் சொல்ல எங்கள் சனம் கூசாமல் எடுத்து வீசுகிற சொல் அது. நீ விடிய எழும்பி ஓடிய ஓட்டமெல்லாம் ஒரு நொடியில் ரத்தமாகப் போய்விட்டது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

திரும்பும் ரயிலில், "காப்பிலி என்றால் என்ன? என்னைப் பார்த்துத்தானே சொன்னா" என்று கேட்டாய். காது கூர்மையான பிசாசு நீ.

"நெடுந்தூரம் ஓடுகிறவள்" என்றேன்.

நீ அந்தச் சொல்லை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாய். "அழகான சொல். என் நாட்டில் ஒருத்தரும் பார்த்த உடனே என்னை அப்படிச் சொன்னதில்லை" என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். ஓல்டனில் ரயில் நின்றது, மறுபடி புறப்பட்டது, நான் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகுதி ஓட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாய். "அந்தச் சொல்லைத் தமிழில் எழுது. சட்டையில் அடிக்கப் போகிறேன்." பேனாவை எடுத்து, "ஓட்டக்காரி" என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேனாக்கும். என்ன புத்தியோ!

ஓட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாய். நேராகக் குசினிக்குள் போய், நெஞ்சைத் தட்டி, பாடமாக்கி வைத்திருந்த தமிழில், "அம்மா, நான் காப்பிலி" என்றாய்.

அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "ஐயோ பிள்ளை, ஆரம்மா உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்றா. பிறகு சட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தா. என்னைத் திரும்பிப் பார்த்தா. "நீயோடி?"

"ஓம்" என்றேன்.

"இப்ப சொல்லு. இல்லாட்டி எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீசிலை நானே சொல்லுறன்."

சொன்னேன். ரயிலில் சொன்ன பொய்யை, மாமி சொன்ன முழு வசனத்தை, தொப்பி விஷயத்தைக்கூட. நீ கதிரையில் இருந்து கேட்டாய். உன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரச் சொற்களை எல்லாம் ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும்" என்றாய். "அதைக் கேட்டு நான் செத்துப்போகவில்லை. தாங்குவேனா மாட்டேனா என்று நீயே முடிவு கட்டினாயே, அதுதான் சுடுகிறது. அந்தப் பயிற்சியாளரும் இப்படித்தான் எனக்காக முடிவு கட்டினார்."

அம்மா அடுப்பை நிறுத்தினா. "நான் சொல்லுறதை இவளுக்குச் சொல்லு. ஒண்டையும் மாத்தாதை" என்றா. "நானும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறன். இந்தப் பிள்ளை என்ரை கையாலை சாப்பிட்டுப் போன பிறகும் சொல்லியிருக்கிறன். பக்டரியிலை என்னை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டவங்கள் எண்டு தெரிஞ்சும் சொல்லியிருக்கிறன். வெக்கமாக் கிடக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். நீ அம்மாவின் கையைப் பிடித்தாய். பிறகு சட்டையைத் தொட்டு, "அப்படியென்றால் இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாய், என்னிடம் இல்லை, அம்மாவிடம். ஓ, ட், ட என்று அம்மா உன் நாக்கைத் திருத்தித் திருத்திச் சொல்லித் தந்தா. என்னோடு ஒரு கிழமை நீ கதைக்கவில்லை.

ஏரிக்கரையில் நடந்த அந்த மாரத்தானுக்கு நானும் அம்மாவும் விடிய வெளிக்கிட்டுப் போனோம். பாதை முடிவுக் கோட்டுக்குப் பக்கமாகச் சுற்றிப் போகும் முப்பத்தெட்டாவது கிலோமீற்றரில் நின்றோம். நீ வரும்போது தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், மயிரிழையில் இருந்தது. அம்மா தடுப்புக்கு மேலாக எட்டி, "ஓடடி என்ரை ஓட்டக்காரி! இஞ்சை பார், ஓடு!" என்று குளறினா. கோயில் தேருக்குக்கூட அவ அப்படிக் குளறி நான் கேட்டதில்லை. நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோள் நிமிர்ந்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன்.

இருபத்தொரு வினாடி மிச்சம் வைத்து முடித்தாய். ஒலிவாங்கிக்காரர் வழக்கம்போல, "கெனியா!" என்றார். நீ நிலத்தில் கிடந்தாய். எழும்பமாட்டாய் என்றுதான் நினைத்தேன். எழும்பினாய். நொண்டி நொண்டிப் போய் ஒலிவாங்கியை வாங்கி, "மெம்ஃபிஸ், அமெரிக்கா" என்றாய். அவர் உன் சட்டையைக் காட்டி ஏதோ கேட்டார். நீ எங்கள் இருவரையும் கூட்டத்துக்குள் தேடிப் பிடித்துவிட்டு, "ஓட்டக்காரி" என்றாய், இரண்டு "ட"வும் பிசகாமல். அம்மா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சுவிஸ்காரியைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் மட்டும் என்னவாம்?

தெரிவு ஓட்டத்தை எங்கள் வீட்டு வரவேற்பறையில் பார்த்தோம். அம்மா அந்த மாமியையும் கூப்பிட்டிருந்தா. முன்னால் ஓடினவர்களையே தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில், கூட்டத்தின் நடுவே, ஒரு கண் இமைப்புக்கு அந்தத் தமிழ் எழுத்து தெரிந்தது. "அந்தா! எங்கடை பிள்ளை!" என்று துள்ளி எழும்பினது மாமிதான். எத்தனையாவதாக வந்தாய் என்று அவ கேட்கவில்லை. அம்மா கேட்கவிடவும் இல்லை.

அதன் பிறகு நீ மெம்ஃபிஸுக்கே போய்விட்டாய். நீ படித்த பள்ளிக்குப் போய் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, தூரம் ஓடும் பிள்ளைகளைப் பள்ளி முடிந்து பூங்காவுக்கு ஏற்றிப்போக ஒரு பஸ்ஸை ஓடவைத்தாய். வாரத்துக்கு மூன்று நாள் நீயே அந்தப் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போனாய். நோய் வந்ததை எனக்கு நீயே சொன்னாய், சுற்றி வளைக்காமல், எத்தனை மாதம் என்பதோடு. நான் அழுதபோது, "நான் உன்னைப்போல மாற்றிச் சொல்லுவேன் என்று நினைத்தாயா?" என்று நக்கலடித்தாய். நீ போன பிறகும் அந்த பஸ் ஓடுகிறது என்று உன் அம்மா எழுதியிருக்கிறா. அதில் ஏறும் பிள்ளைகளின் படமும் அனுப்பியிருந்தா. ஒருத்தியைக்கூட நூறு மீற்றருக்கு என்று ஒதுக்கி வைக்க இனி அங்கே ஒருவருக்கும் துணிவு வராது. உன்னை நினைக்கும்போது துக்கத்தைவிடப் பெருமைதான் முந்திக்கொண்டு வருகிறது. என்னால் அதை அடக்க முடியவில்லை, அடக்கவும் விருப்பமில்லை.

நான் இப்போது மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரி, அலுவலகம், பள்ளிக்கூடம் என்று கூப்பிடும் இடமெல்லாம் போகிறேன். போன மாதம் ஒரு பள்ளியில், துப்புரவு வேலை செய்யும் ஒரு தமிழ்த் தாயும் அவவின் மகளும் ஆசிரியருக்கு முன்னால் இருந்தார்கள். பிள்ளைக்கு கிம்னாசியம் என்ற உயர்பள்ளிக்குப் போய், பிறகு பல்கலைக்கழகம் போக ஆசை. அதற்குத் தேவையான புள்ளியும் இருந்தது. ஆசிரியர் அன்பாகச் சிரித்துக்கொண்டே, "இப்படியான குடும்பங்களுக்குத் தொழிற்பயிற்சிதான் பொருத்தம்" என்றார். "தொழிற்பயிற்சியும் நல்லதாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் சிரித்தபடி வெளியே வந்திருப்போம்.

ஆசிரியர் சொன்னதை அப்படியே சொன்னேன். "இப்படியான குடும்பங்களுக்கு" என்பதையும் விடாமல் சொன்னேன்.

தாய் மகளைப் பார்த்தா. பிறகு நிமிர்ந்து இருந்து, "எப்பிடியான குடும்பம் எண்டு அவரிட்டை ஒருக்காக் கேளுங்கோ பிள்ளை" என்றா.

நான் ஆசிரியர் பக்கம் திரும்பினேன். ஒரு சொல்லும் குறைக்காமல் கேட்டேன்.