எறிகிற கை

அல் ஐன்
2.4.2004

அன்புத் தம்பி நுஃமானுக்கு, உன் லாத்தா ஷஹீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அம்மை இறங்கிவிட்டது. உனக்கு இருமல் நின்றதா என்று உம்மா ஊரிலிருந்து போனில் கேட்டார்கள்.

நானும் உனக்குப் போன் செய்திருக்கலாம். இதைச் சொல்ல வாய் வராது.

கீழக்கரை மைதானத்தில் அம்பயர், நீ பந்து போடலப்பா, எறியுற என்று உன்னைத் திருப்பி அனுப்பினாரே, அன்று வீட்டில் எல்லோரும் உன் பக்கம். நான்தான் பத்திரிகையில் படித்த விதியை வாப்பாவுக்கு விளக்கினேன். முழங்கை மடங்கி நிமிர்ந்தால் அது பந்துவீச்சு இல்லை என்றேன். பிறகு தெருவே உன்னை ‘மாங்கா எறி’ என்றது. நீ கிரிக்கெட்டை விட்டாய்.

சவூதிக்கு வேலைக்குப் போனபின், யான்புவில் உன் போர்மேன் லின் அதே எறிதலைப் பார்த்து அசந்து நின்றதாக எழுதியிருந்தாய். பேஸ்பாலில் எறிவதுதான் ஆட்டமாமே! தைவானில் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஆடியவர், தன் பழைய அணியின் மூன்று மாதப் பயிற்சிக்கு உன்னைச் சேர்க்க இடம் வாங்கியும் தந்தார். உன் பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் முதலாளி கஃபீலிடம் லீவும் பாஸ்போர்ட்டும் கேட்டுத் தரும்படி என் வீட்டுக்காரரிடம், உன் மச்சானிடம், சொல்லச் சொன்னாய். மச்சான் முடியாது என்கிறார் என்று நான் பதில் எழுதினேன்.

தம்பி, நான் மச்சானிடம் கேட்கவே இல்லை.

தோள் போனதும் லின்னே குழாய் வேலை பார்க்க யான்புவுக்கு வந்துவிட்டார், உனக்கும் அதுதானே கதி என்று நினைத்தேன். மறுபடி ஒரு மைதானத்திலிருந்து உன்னைத் திருப்பி அனுப்புவார்களோ என்றும் பயம். ஒரு வருடம் கிடைத்தாலும் திரும்ப ஆடப் போவேன் என்று லின் சொன்னதை நீ எழுதியிருந்தாய். அந்த வரியையும் படித்துவிட்டுத்தான் அப்படிச் செய்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது மச்சான், உன் தம்பி என்ன, ஒரு உதவியும் கேக்க மாட்டேங்கிறான்? அவன் கஃபீலோட மேனேஜர் யூசுப் என்கூடப் படிச்சவன்தானே, ஒரு போன் போட்டா கலாஸ், வேலை முடிஞ்சுது என்றார். பயிற்சி பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. லின்னும் ஊருக்குப் போய்விட்டார்.

இன்று மச்சானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் உடனே யூசுபுக்குப் போன் செய்தார். அடுத்த பிப்ரவரிக்கு லீவு கிடைக்குமாம். லின்னுக்கு நீதான் எழுத வேண்டும். அவர் மறுபடி இடம் வாங்கித் தருவாரா என்று எனக்குத் தெரியாது.

அவர் தந்த கையுறையை ரூம்காரனுக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். கொடுத்துவிடாதே, தம்பி. அல்லாஹ் உன் கைக்குப் பலம் தரட்டும். அது மடங்கட்டும்.

உன் லாத்தா
ஷஹீரா